பட்டப்படிப்பும் மருத்துவக் கனவும்

இளங்கலை வகுப்பில் அமர்ந்தவாறே மீண்டும் நீட் தேர்வெழுத முனையும் மாணவ மாணவியரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களுள் சிலர் வருகைப்பதிவு குறைந்து பட்டத்தையும் இழந்து, மருத்துவ இடமும் கிட்டாமல் நிற்பது நம் நெஞ்சை வருத்துகிறது. எனவே சில சொல்ல விழைகிறோம்.

முதலாவது, காலம். இத்தேர்வுக்கான மேல்வயது வரம்பு 2022ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. பட்டம் பெற்ற பின்னரும் தேர்வெழுதலாம். ஆதலால் பதற்றத்தில் வகுப்பைத் துறத்தல் வேண்டா.

இரண்டாவது, பாடம். 2025ஆம் ஆண்டுத் தேர்வில் 180 வினாக்கள். அவற்றுள் உயிரியலுக்கு மட்டும் 90. ஆயினும் அவை பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களைச் சார்ந்தவை. தாவரவியலோ விலங்கியலோ பயிலும் மாணவர், பட்டப்பாடமே போதுமென்று எண்ணாமல் பள்ளிநூல்களை நாள்தோறும் புரட்டுதல் வேண்டும். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 குறையும். அறிந்த பத்து வினாக்களில் கவனம் பிசகினால் 50 மதிப்பெண் கைநழுவும்!

மூன்றாவது, மொழி. தமிழில் தேர்வெழுதலாம், எனினும் மொழிபெயர்ப்பில் ஐயம் எழுமாயின் ஆங்கில வடிவமே முடிவானது. ஆகவே கலைச்சொற்களை இருமொழியிலும் அறிக. 'நியூக்ளியஸ்' என்னும் ஒரே சொல் உயிரியலில் உட்கரு, இயற்பியலில் அணுக்கரு. பொருளுணர்ந்தோர்க்கே இவ்வேறுபாடு தெளிவாகும்.

மருத்துவ மேதை இப்னு சீனா (980–1037), அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருள் நூலை நாற்பது முறை படித்து மனப்பாடமாகியும் பொருள் விளங்காது தவித்ததாகத் தம் வரலாற்றில் கூறுகிறார். அல்ஃபாராபியின் விளக்கநூல் கிட்டிய பின்னரே தெளிவு பிறந்தது. மறுநாள் ஏழைகளுக்குத் தருமம் வழங்கி இறைவனுக்கு நன்றி செலுத்தினார். மனப்பாடம் வேறு, விளக்கம் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? விளங்காத இடத்தில் ஆசிரியரை அணுகுதல் இழுக்கன்று.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். இடம் கிட்டாத பிள்ளையைத் தோற்றவர் என்று சுட்டாதீர்கள். வெண்ணிற அங்கி அணியாத கைகளும் மக்கள் துயர் துடைக்கும். முயற்சி நம்முடையது, முடிவு இறைவனுடையது. நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியை வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.