அழிந்த கோப்பை மீட்கும் முன்

மதிப்பெண் பட்டியல் அடங்கிய கோப்பு பள்ளிக் கணினியிலிருந்து தவறுதலாக அழிந்துவிட்டால், முதலில் ரீசைக்கிள் பின்னில் தேட வேண்டும். அங்கும் இல்லையெனில், அந்த வன்தட்டில் வேறு எதையும் சேமிக்கக் கூடாது.

நூலகப் பதிவேட்டில் ஒரு புத்தகத்தின் பெயரை அடித்துவிட்டாலும் புத்தகம் அலமாரியில்தான் இருக்கும். வன்தட்டிலும் அப்படியே. கோப்பு இருந்த இடம் 'காலி' எனக் குறிக்கப்படுகிறது. அங்கே புதிய தரவு எழுதப்படும்போதுதான் பழையது உண்மையில் அழிகிறது.

கவனிக்க வேண்டியவை:

1. மீட்பு மென்பொருளை அதே தட்டில் நிறுவாதீர்கள். ஃபோட்டோரெக் என்னும் இலவச மென்பொருளைப் பென் டிரைவிலிருந்தே இயக்கலாம். அது வேர்டு, எக்செல் கோப்புகளையும் மீட்கும். கோப்பின் பழைய பெயர் பெரும்பாலும் கிடைக்காது. திறந்து பார்த்தே அடையாளம் காண வேண்டும்.

2. மீட்டவற்றை வேறொரு தட்டில் சேமியுங்கள்.

3. செக் டிஸ்க் தட்டின் பிழைகளைத் திருத்தும் கருவி. திருத்தும்போது அது தட்டில் எழுதும் என்பதால், மீட்புப் பணி முடிந்த பின்னரே அதை இயக்குங்கள்.

4. தட்டிலிருந்து 'டக் டக்' என ஒலி வந்தால் உடனே கணினியை நிறுத்திவிட்டு வல்லுநரை அணுகுங்கள்.

எஸ்எஸ்டி வகைத் தட்டுகளில் 'டிரிம்' வசதி காலி இடத்தை விரைவில் துடைத்துவிடுவதால் மீட்பது அரிது. எனவே முக்கியக் கோப்புகளுக்கு வேறு இடத்தில் ஒரு நகல் கட்டாயம் இருக்கட்டும்.

செயல்பாடு: பழைய பென் டிரைவில் ஒரு படத்தை அழித்து, மாணவர்களை மீட்கச் சொல்லுங்கள். மீண்டும் அழித்து, டிரைவ் நிறையும்வரை வேறு கோப்புகளைப் பதிந்தபின் முயலட்டும். வேறுபாட்டை அவர்களே கூறுவர்.