ஏட்டிலிருந்து அச்சுக்கு

பனையோலையில் எழுத்தாணி கொண்டு நூலெழுதும் வழக்கம் தமிழகத்தில் பன்னெடுங்காலம் நிலவியது. ஓலையோ நெடுநாள் நில்லாது, செல் அரிக்கும், ஓரம் முரியும். ஆதலின், தலைமுறைதோறும் பார்த்தெழுதுவோர் இருந்தாலன்றி நூல் வாழாது. ஏட்டில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளி பெறுவதில்லை, சொற்களும் பிரித்தெழுதப்படுவதில்லை. ஆசிரியரை அடுத்துப் பாடங்கேட்டவர்க்கே அது விளங்கும். அவ்வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டியதா எனின், இல்லை.

அச்சுக்கலையை இந்நாட்டிற்குக் கொணர்ந்தோர் கிறித்தவப் பாதிரிமார்கள். 1578இல் ஹென்றிக் ஹென்றிக்ஸ் என்னும் போர்ச்சுகீசியத் துறவியாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள் கொண்ட அச்சிறு நூலே இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்நாட்டில் வெளிவந்த முதல் அச்சுநூல் ஆகும். பின்னர், 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் அங்கே அச்சகம் அமைத்தார். செருமனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவிற் பெரியனவாய்த் தாளை விழுங்கின. எனவே, சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர்.

திருக்குறள் 1812இல் சென்னையில் அச்சேறியது. அச்சகங்களுக்குக் கம்பெனி அரசு விதித்திருந்த கட்டுப்பாடுகள் 1835இல் நீங்கின. 1849இல் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவினார். எனினும், பழைய இலக்கியங்கள் பலவும் அன்றும் ஏட்டிலேயே கிடந்தன.

1880இல் சேலம் இராமசாமி முதலியார், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையரிடம், சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். பெரும்புலவரிடம் பயின்ற அவரும் அதனைப் படித்ததில்லை! அன்று தொடங்கிய உழைப்பு எளிதன்று. பல பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கியும், சமண சமயத்தாரிடம் ஐயம் தெளிந்தும் 1887இல் அவர் அந்நூலைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை வெளியிட்டார். சாமிநாதையரின் சிலப்பதிகாரப் பதிப்பு 1892இலும், புறநானூற்றுப் பதிப்பு 1894இலும் வந்தன. வளையாபதிக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. அதன் சில பாடல்களே நமக்கு எஞ்சியுள்ளன.

அச்சேறிய நூல், ஆசிரியர் இல்லாத ஊருக்கும் சென்றது. யாழ்ப்பாணத்தாரும் சென்னையாரும் ஒரே பக்கத்தைச் சுட்டி வாதிட முடிந்தது. புலவர்கள் பொருட்படுத்தாத கதைப்பாடல்களும், 'பெரிய எழுத்து' என்னும் பெயரோடு மலிவாக விற்பனையாயின. கூட்டியும் எழுத்தெண்ணியும் படிப்போர்க்கு அவையே நூலகம். அவற்றை இகழ்தல் தகாது. 1901இல் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட எழுத்தறியாத சென்னை மாகாணத்தில், 1882இல் தோன்றிய 'சுதேசமித்திரன்' போன்ற இதழ்களை எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். திண்ணையிலும் தெருவிலும் சூழ்ந்திருப்போர் செவிமடுப்பர்.