பால் பல்தானே என்று விட்டுவிடாதே

அன்பு மகள் கவிதாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. உன் மகன் முகிலனின் மேல்வரிசை முன்பற்கள் பழுப்பேறியிருப்பதாக உன் அம்மா சொன்னாள். "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று யார் சொன்னாலும் நீ சும்மா இருந்துவிடாதே. முன்பற்கள் ஆறேழு வயதில் விழும். கடைவாய்ப் பால் பற்களோ பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. அவை முன்னதாகவே போய்விட்டால், அடுத்து வரும் பற்கள் இடமில்லாமல் கோணலாக முளைக்கும்.

பூச்சி அரித்துவிட்டது என்பார்கள். அப்படி ஒரு பூச்சியும் கிடையாது. வாயிலுள்ள கிருமிகள் இனிப்பைத் தின்று அமிலமாக்குகின்றன. அது பல்லின் மேலுள்ள எனாமலைக் கரைக்கிறது. பால் பல்லில் எனாமல் மெல்லியது, அதனால் சொத்தை சீக்கிரம் உள்ளே இறங்கிவிடும். இனிப்பு தின்னும் ஒவ்வொரு முறையும் அந்த அமிலத்தை எச்சில் தணிக்க அரைமணி நேரமாவது பிடிக்கும். எவ்வளவு தின்றான் என்பதைவிட எத்தனை தடவை தின்றான் என்பதே முக்கியம். சாப்பாட்டோடு ஒரு லட்டைத் தின்று முடிப்பதைவிட, ஒரு பாக்கெட் பிஸ்கட்டை மத்தியானம் முழுக்கக் கொறிப்பது கெடுதல்.

எல்லாவற்றிலும் மோசம், வாயில் பால்புட்டியோடு தூங்குவது. தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறையும். இனிப்புப் பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். கீழ் முன்பற்களை நாக்கு மறைத்துக் காத்துக்கொள்ளும். முகிலனுக்கு மேல்வரிசை மட்டும் பழுப்பேறியிருப்பதால் எனக்குப் புட்டிமேல்தான் சந்தேகம். பாலில் சர்க்கரைக்குப் பதில் பனங்கற்கண்டு போடுகிறாயாம். கிருமிக்குப் பனங்கற்கண்டு, நாட்டுச் சர்க்கரை, தேன், இருமல் சிரப் எல்லாம் ஒன்றுதான்.

இனி பாலை டம்ளரில் கொடு, சர்க்கரை வேண்டாம். குடித்ததும் பல் துலக்கிவிட்டுப் படுக்க வை. அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். காலையும் இரவும் நீயே துலக்கிவிடு. ஏழெட்டு வயதுவரை பிள்ளைகளுக்குக் கை சரியாக வராது. ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட் போதும்: மூன்று வயது நிறையும்வரை ஓர் அரிசி அளவு, பிறகு பட்டாணி அளவு. நீ சுவைத்த கரண்டியால் ஊட்டாதே, பெரியவர்கள் வாய்க் கிருமி அப்படித்தான் குழந்தைக்குப் போகிறது.

உன் சின்ன மகளுக்கும் மாதம் ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பார். ஈறோரம் சுண்ணாம்புபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் முதல் அறிகுறி. அந்த நிலையில் தடுத்துவிடலாம். முகிலனுக்கு இருப்பது சொத்தையா, இரும்புச்சத்து டானிக்கின் கறையா என்பதைப் பல் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். மாவட்ட அரசு மருத்துவமனையிலும் பல் பிரிவு உண்டு. வலி வரட்டும் என்று காத்திருக்காதே. வலிக்கும்போது சொத்தை நரம்புவரை போயிருக்கும். இந்த வாரமே கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
பெரியம்மா