பிள்ளைக்கும் வரி உண்டோ?

"பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஏது வரி?"

சென்ற ஆண்டு சூலை மாதம், காந்திகிராமத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பா எழுப்பிய வினா இது. வணிகவியல் பயிலும் எனக்கு அன்று விடை தெரியவில்லை. பின்னர்க் கற்றதை நண்பர்களோடு பகிர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் தங்கைக்கு வயது பதினாறு. தாத்தா அவள் பெயரில் வங்கியில் இட்ட 2 இலட்ச ரூபாய்க்கு ஆண்டு வட்டி 14,000 ரூபாய். விடுமுறையில் சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைகளுக்கு முடிச்சுப் போட்டு அவள் ஈட்டிய கூலி 9,000 ரூபாய். இரண்டும் அவள் பணமே. ஆயினும் சட்டம் இரண்டையும் ஒன்றாகக் கொள்வதில்லை.

முதலில் வட்டி. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு வரும் வட்டி, வாடகை போன்றவற்றை, பெற்றோரில் எவருக்கு வருமானம் மிகுதியோ அவர் கணக்கில் சேர்க்க வேண்டும். பெற்றோர் பிரிந்திருப்பின் பிள்ளையைப் பேணுபவர் கணக்கில் சேரும். சொத்தைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றி வரியைக் குறைக்கும் வழக்கத்தைத் தடுக்க, இராஜா செல்லையா குழுவின் பரிந்துரையை ஏற்று 1992ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இவ்விதியைக் கொணர்ந்தது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டமும் இதையே பின்பற்றுகிறது. பழைய வரி முறையில் பிள்ளை ஒன்றுக்கு 1,500 ரூபாய் வரை விலக்கு உண்டு; புதிய முறையில் அதுவும் இல்லை.

அடுத்துக் கூலி. உடலுழைப்பாலோ, திறமையாலோ, தனித்த அறிவாலோ மைனர் ஈட்டுவது அவருடைய சொந்த வருமானம். சட்டம் குறிப்பிடும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு எவ்வகை வருமானமும் அவ்வாறே. அது வரம்பைத் தாண்டினால் மைனர் பெயரிலேயே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்; பாதுகாவலர் கையொப்பமிடுவார். வரம்பு பழைய முறையில் 2.5 இலட்சம், புதிய முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 4 இலட்சம். ஆனால் அக்கூலியைச் சேமித்து வங்கியில் இட்டால், அதன் வட்டி மீண்டும் பெற்றோர் கணக்கிற்கே போகும். வட்டி உழைப்பாகாதன்றோ!

பிறந்தநாளையும் மறத்தலாகாது. சதுரங்க வீரர் குகேஷ் 2024 ஏப்ரலில் டொராண்டோவில் வென்றபோது வயது 17. மே 29இல் 18 நிறைந்தது. டிசம்பரில் உலக வாகையர் ஆனார். அனைத்தும் ஒரே நிதியாண்டு! ஆட்டத்தில் ஈட்டுவது திறமையின் ஊதியமாதலால் எந்நாளும் அவரவர்க்கே உரியது. வட்டியோ, பதினெட்டு நிறையும் நாள் வரை பெற்றோர்க்கு, அதன்பின் பிள்ளைக்கு.

எங்கள் வீட்டில் ஆசிரியையான அம்மாவின் வருமானமே மிகுதி. அவர் தேர்ந்தது பழைய முறை. வட்டி 14,000இல் 1,500 போக எஞ்சியது 12,500. அவருடைய 20 விழுக்காட்டு அடுக்கில் வரி 2,500, தீர்வை 100, ஆக 2,600 ரூபாய்.

"சின்னப்பிள்ளை கணக்கை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார் அப்பா.

"நாளைக்கு அவளே பார்ப்பாளே" என்றார் அம்மா. வட்டியைச் சேர்த்தே கணக்கைத் தாக்கல் செய்தார். தங்கையின் கூலி 9,000 எவர் கணக்கிலும் ஏறவில்லை. வரம்பிற்குள் இருந்ததால் அவளும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கவில்லை.

சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய காந்திகிராமத்தில் கைத்தொழிலும் கல்வியும் இணைந்தே வளர்ந்தன. உழைத்த கைக்குச் சட்டமும் தனி மதிப்பளிப்பதை அறிந்தபோது என் உள்ளம் மகிழ்ந்தது. முதலாண்டு நண்பர்களே, உங்களுள் பலர் இன்னும் பதினெட்டை எட்டாதவர்கள். உங்கள் பெயரில் உள்ள வங்கிப் புத்தகத்தை இன்றே பெற்றோரிடம் காட்டுங்கள்!