விளம்பரத்தைத் தடுப்பவர் யார்?

அன்புள்ள தம்பிக்கு,

புது லேப்டாப்பில் எந்த ஆட் பிளாக்கரைப் போடலாம் என்று கேட்டு எழுதியிருந்தாய். ஒரு பெயரை மட்டும் சொல்லியிருந்தால் ஒரே வரியில் பதில் முடிந்திருக்கும். ஆனால் இந்தத் துறையில் ஒரே பெயரில் மூன்று பேர் கடை விரிப்பார்கள். நல்லவர் தொடங்கியதை வேறொருவர் விலைக்கு வாங்கிவிடுவார், பெயர்ப்பலகை மட்டும் மாறாமல் நிற்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே படித்துவிடு.

குரோமில் இப்படி ஒரு எக்ஸ்டென்ஷனை நிறுவும்போது, எல்லா இணையதளங்களிலும் உன் தரவுகளைப் படிக்கவும் மாற்றவும் இதனால் முடியும் என்று ஒரு சிறு பெட்டி வந்து சொல்லும். பெரும்பாலோர் அதைப் படிக்காமலேயே சம்மதம் தந்துவிடுகிறார்கள். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் விளம்பரத்தை வெட்டி எடுக்க முடியும் என்பதால், அந்த அனுமதியைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் விளம்பரத்தைப் பார்க்கும் அதே கண், உன் வங்கிக் கணக்குப் பக்கத்தையும் மின்னஞ்சலையும் பார்க்கும். இன்னொன்றும் உண்டு. எக்ஸ்டென்ஷன்கள் உன்னைக் கேட்காமல் தாமாகவே அப்டேட் ஆகின்றன. நீ கொடுத்த அனுமதி அந்த எக்ஸ்டென்ஷனுக்கு உரியது, அதை எழுதியவருக்கு உரியதல்ல. அவர் அதை விற்றுவிட்டால், வாங்கியவர் உன் வீட்டுச் சாவியையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார்.

2020 அக்டோபரில் அப்படித்தான் நடந்தது. நானோ ஆட்பிளாக்கர், நானோ டிஃபெண்டர் என்று இரண்டு எக்ஸ்டென்ஷன்கள் இருந்தன. இரண்டும் சேர்த்து சுமார் 3 லட்சம் முறை நிறுவப்பட்டவை. தனி ஒருவராக அவற்றைப் பராமரித்துவந்தவர், தனக்கு நேரமில்லை என்று சொல்லி வேறு சிலருக்கு விற்றார். அடுத்து வந்த அப்டேட்டில், பயனர்களின் உலாவல் விவரங்களை வெளி சர்வருக்கு அனுப்பும் நிரல் சேர்ந்திருந்தது. தாங்கள் பார்த்தே இராத இன்ஸ்டாகிராம் படங்களுக்குத் தங்கள் கணக்கிலிருந்து லைக் விழுந்திருப்பதைக் கண்டு சிலர் திடுக்கிட்டார்கள். யாராவது உள்ளே எட்டிப் பார்க்கிறார்களா என்று கண்காணிக்கும் ஏற்பாடும் அந்த நிரலில் இருந்தது. கூகுள் அவற்றைத் தன் குரோம் கடையிலிருந்து நீக்கியது. நிறுவியவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த நாளில் அவை நல்ல எக்ஸ்டென்ஷன்களாகவே இருந்தன.

அந்தப் புதிய நிரலை ஆராய்ந்து, அதில் என்ன ஒளிந்திருக்கிறது என்று வெளியே சொன்னவர் ரேமண்ட் ஹில். கனடாக்காரர். இந்தத் துறையில் நம்பகத்தன்மை எப்படி உருவாகிறது, எப்படிக் கைநழுவுகிறது என்பதை அவருடைய கதை அளவுக்கு வேறு எதுவும் காட்டாது.

2014இல் ஹில் யூபிளாக் என்ற விளம்பரத் தடுப்பானை வெளியிட்டார். கணினியின் நினைவகத்தை அதிகம் தின்னாமல் வேகமாக வேலை செய்தது. மூல நிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். பயனர்கள் பெருகப் பெருக, புகார்களும் கோரிக்கைகளும் குவிந்தன. பொழுதுபோக்காகத் தொடங்கியது சுமையாக மாறியதும், 2015 ஏப்ரலில் திட்டத்தையும் பெயரையும் இன்னொருவரிடம் ஒப்படைத்தார். புதிய பொறுப்பாளர் அந்தப் பெயரில் ஓர் இணையதளம் தொடங்கி நன்கொடை கேட்கத் தொடங்கினார். ஹில்லுக்கு அது உடன்பாடில்லை. தன் நிரலின் கிளையைத் தனியே எடுத்து, யூபிளாக் ஆரிஜின் என்ற பெயரில் வளர்த்தார். அந்தப் பழைய பெயரிலான தளத்தையும் எக்ஸ்டென்ஷனையும் 2018இல் ஆட்பிளாக் நிறுவனம் வாங்கியது. 2019 முதல், விளம்பர நிறுவனங்கள் சேரக்கூடிய ஒரு திட்டத்தின் கீழ் சில விளம்பரங்களை அந்த எக்ஸ்டென்ஷன் அனுமதிக்கிறது.

ஆக, யூபிளாக் என்பது ஒன்று, யூபிளாக் ஆரிஜின் என்பது வேறொன்று. ஆரிஜின் யாரிடமும் நன்கொடை வாங்குவதில்லை, காசு கொடுக்கும் விளம்பரதாரருக்கு வழிவிடுவதுமில்லை. பணம் தர விரும்புவோர், எந்த விளம்பரங்களைத் தடுக்க வேண்டும் என்ற பட்டியல்களைச் சம்பளமின்றிப் பராமரிக்கும் தன்னார்வலர்களை நினைத்துக்கொள்ளட்டும் என்பதுதான் ஹில்லின் நிலைப்பாடு. இத்தனை ஆண்டுகளாக அதில் அவர் மாறவில்லை. இலவசமாகக் கிடைக்கும் எதைப் பார்த்தாலும், இதை எழுதியவருக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று கேட்பது நியாயமான கேள்வி. ஹில்லின் விஷயத்தில் அதற்கு நேரான பதில் கிடைக்கிறது.

போலிகள் இதே பெயர்க் குழப்பத்தில்தான் பிழைக்கிறார்கள். 2018 ஏப்ரலில் ஆட்கார்ட் நிறுவனத்தின் ஆண்ட்ரே மெஷ்கோவ், குரோம் கடையில் இருந்த ஐந்து போலி எக்ஸ்டென்ஷன்களை அம்பலப்படுத்தினார். அவற்றின் மொத்தப் பயனர் எண்ணிக்கை சுமார் 2 கோடி. ஒன்றின் பெயர் யூபிளாக் பிளஸ், இன்னொன்றின் பெயர் ஆட்பிளாக் புரோ. உண்மையான தடுப்பான்களின் நிரலை அப்படியே நகலெடுத்து, அதற்குள் வேறொரு நிரலை ஒளித்துவைத்திருந்தார்கள். சாதாரணப் படம்போலத் தோன்றும் ஒரு கோப்புக்குள் மறைந்து, வெளியிலிருந்து அதற்குக் கட்டளைகள் வந்தன. மெஷ்கோவும் ஒரு விளம்பரத் தடுப்பானை விற்பவர்தான், போட்டியாளர்தான். ஆனால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கும்படி சான்றுகளை முன்வைத்தார், கூகுள் அந்த ஐந்தையும் நீக்கியது.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் கண்டுபிடித்தது இன்னும் நுணுக்கமான தந்திரம். ஆட்பிளாக், யூபிளாக் என்று பிரபலமான பெயர்களையே சூட்டிக்கொண்ட இரண்டு எக்ஸ்டென்ஷன்கள் அவை. 16 லட்சத்துக்கு மேற்பட்டோர் பயன்படுத்தினார்கள். இரண்டும் விளம்பரங்களை ஒழுங்காகவே தடுத்தன. நிறுவி 55 மணி நேரம் வரை சந்தேகப்படும்படி எதுவும் செய்யவில்லை. அதன்பிறகு, பயனர் ஏதாவது ஒரு ஆன்லைன் கடைக்குப் போனால், அவரைத் தாங்களே அங்கு அனுப்பிவைத்ததுபோல ஒரு குக்கீயைச் செருகி, கடைக்காரரிடமிருந்து கமிஷன் கறந்தன. எக்ஸ்டென்ஷன் நன்றாக வேலை செய்கிறது என்பதால் மட்டும் அது நேர்மையானது என்று ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. நட்சத்திர மதிப்பீடும் அப்படித்தான். விளம்பரம் மறைந்த மகிழ்ச்சியில் ஐந்து நட்சத்திரம் போட்டவருக்கு, பின்னால் நடப்பது எப்படித் தெரியும்?

மேலே சொன்ன, சில விளம்பரங்களை அனுமதிக்கும் திட்டத்தை இந்த மோசடிகளோடு சேர்க்கக் கூடாது. ஆட்பிளாக் பிளஸை நடத்தும் ஜெர்மனியின் ஐயோ நிறுவனம் 2011இல் அதைத் தொடங்கியது. கண்ணை உறுத்தாத விளம்பரங்கள் தடையின்றி வரலாம். பெரிய நிறுவனங்கள் அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும். இதை அவர்களே வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறார்கள், அமைப்புகளில் ஒரே ஒரு டிக்கை எடுத்தால் நிறுத்தியும்விடலாம். 2018இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமும் இந்த வணிகமுறை சட்டத்துக்கு உட்பட்டதே என்றது. ஆனாலும், நீ தடுக்கச் சொன்னவர்களிடமே காசு வாங்குபவருக்கு உன் பக்கம் முழுமையாக நிற்பது கடினம். தேர்வு உன்னுடையது, தெரிந்து தேர்ந்தெடு.

பெரிய பெயர் என்றால் பயமில்லை என்றும் நினைக்காதே. வைரஸ் தடுப்புக்குப் பேர்போன அவாஸ்ட், தன் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் இணையத்தில் உன்னைப் பின்தொடர்வதைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்தது. அதே எக்ஸ்டென்ஷன்கள் வழியாகத் திரட்டிய உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனத்தின் மூலம் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்றது. விஷயம் செய்திகளில் வெடித்ததும் 2020 ஜனவரியில் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம், 1.65 கோடி டாலர் செலுத்தும்படியும், விளம்பரத்துக்காக அந்த விவரங்களை இனி விற்கக் கூடாது என்றும் சொன்னது.

இவ்வளவையும் படித்துவிட்டு, ஆட் பிளாக்கரே வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதே. தேடல் முடிவுகளில் காசு கொடுத்து விளம்பரம் போட்டு, பிரபல நிறுவனங்களின் பக்கங்களைப்போலவே இருக்கும் போலிப் பக்கங்களுக்கு இழுத்துச் செல்கிறார்கள் என்று எச்சரித்து, விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்தும்படி அமெரிக்காவின் எஃப்பிஐயே 2022 டிசம்பரில் அறிவுறுத்தியது. உன் கணினியில் வைரஸ் இருக்கிறது, உடனே இதை நிறுவு என்று திரை முழுக்க அலறும் பக்கங்களும் இந்த வகைதான். 2023 நவம்பரில் இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் அதுவும் ஒன்று. அந்த அலறலிலிருந்து ஒருபோதும் எதையும் நிறுவாதே, விளம்பரத் தடுப்பானைக்கூட.

நீ செய்ய வேண்டியது இதுதான். கூகுளில் தேடி முதலில் வருவதைச் சொடுக்காதே, அதுவே விளம்பரமாக இருக்கலாம். கிட்ஹப்பில் உள்ள ஹில்லின் திட்டப் பக்கத்துக்குப் போய், அங்கே இருக்கும் இணைப்பு வழியாகக் கடைக்குப் போ. உருவாக்கியவர் பெயர் ரேமண்ட் ஹில் என்று இருக்கிறதா என்று பார். குரோமின் விதிகள் மாறியதால் முழுமையான யூபிளாக் ஆரிஜின் அதில் இப்போது இயங்காது. திறன் குறைந்த லைட் பதிப்புதான் கிடைக்கும். பயர்பாக்ஸில் முழுப் பதிப்பு இருக்கிறது, ஆண்ட்ராய்டு போனிலும்கூட. அங்கே பரிந்துரைக்கப்பட்டவை என்ற முத்திரை பெற்ற எக்ஸ்டென்ஷன்களின் ஒவ்வொரு புதிய பதிப்பையும் மொசில்லா ஆய்வு செய்கிறது. ஆரிஜினுக்கு அந்த முத்திரை உண்டு. அதனால் பயர்பாக்ஸுக்கு மாறுவது நல்லது.

ஒன்று போதும், இரண்டு தடுப்பான்களைச் சேர்த்துப் போடாதே. பிறகு எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து, எப்போது நிறுவினாய் என்று நினைவுக்கு வராத ஒவ்வொன்றையும் நீக்கு. கூப்பன் தேடித் தருவது, வீடியோ இறக்கித் தருவது, திரையைக் கறுப்பாக்குவது என்று எதுவாக இருந்தாலும் சரி. வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தவற்றின் உரிமையாளர் மாறியிருக்கிறாரா, திடீரென்று புது அனுமதி கேட்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்.

கடைசியாக ஒன்று. நீ விரும்பிப் படிக்கும் சில தமிழ்த் தளங்களும் இதழ்களும் விளம்பர வருமானத்தில்தான் எழுதுபவர்களுக்குச் சன்மானம் தருகின்றன. அந்தப் பக்கங்களைத் திறந்ததும் யூபிளாக் ஆரிஜினின் சின்னத்தைச் சொடுக்கி, உள்ளே தெரியும் பெரிய பவர் பட்டனை ஒருமுறை அழுத்து. அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பு நின்றுவிடும், மற்ற இடங்களில் வழக்கம்போல வேலை செய்யும்.

அன்புடன்,
அண்ணன்