மக்காச்சோளத்தைக் காலையில் பாருங்கள்

பெரம்பலூர்ப் பக்கம் கரிசலில் நாங்கள் புரட்டாசியில் மானாவாரி மக்காச்சோளம் போடுவோம். முளைத்து நாலு இலை விடும், மழை ஒதுங்கிக்கொள்ளும். மத்தியானம் காட்டுக்குப் போனால் பயிர் அத்தனையும் இலையைச் சுருட்டிக்கொண்டு வெங்காயத்தாள் மாதிரி நிற்கும். கிணறு இருப்பவர்கள் உடனே மோட்டாரைப் போடுவார்கள். நான் போட மாட்டேன்.

இலையின் மேல்தோலில் நீரைச் சேர்த்துவைக்கும் பெரிய செல்கள் வரிசையாக இருக்கின்றன. அவை வற்றும்போது இலை உட்பக்கம் சுருளும், வெயில் படும் பரப்பு குறையும். மண் காயக் காயச் செடியில் அப்சிசிக் அமிலம் பெருகி இலைத்துளைகளை மூடவைக்கிறது. காய்ந்த மண்ணிலும் வேர் நுனி வளர அதுவே துணை நிற்கிறது. மேலே தழை நின்றுபோனாலும் கீழே வேர் அடி ஈரத்தைத் தேடி இறங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மேலாகத் தண்ணீர் காட்டிக்கொண்டே இருந்தால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடும்.

அதனால் பயிரை வெயில் ஏறுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். இலை விரிந்திருந்தால் ராத்திரியில் செடி தேறிவிட்டது, விட்டுவிடலாம். விடியும்போதே சுருண்டிருந்தால் அடி ஈரமும் தீர்ந்துவிட்டது. இனித் தாமதிக்கக் கூடாது. இலை நுனி கருகியதும் அழித்துவிட்டு மறுவிதைப்புப் போடவும் அவசரப்படாதீர்கள். ஐந்தாறு இலை வரும்வரை வளர்நுனி மண்ணுக்குள்தான் இருக்கிறது. அது வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் ஒரு மழைக்குப் புதுக்குருத்து வந்துவிடும்.

எனக்கு உண்மையில் பயம் கணுவேரைப் பற்றித்தான். ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்துப் பாருங்கள். விதையிலிருந்து வந்த மெல்லிய வேர்கள் ஆழத்தில் ஈரமாகவே இருக்கும். தண்டின் அடிக்கணுவிலிருந்து கிளம்பும் தடித்த வெள்ளை வேர்கள்தான் கடைசிவரை பயிரைத் தாங்குபவை. மேல்மண் புழுதியாகக் கிடந்தால் அவை அரை அங்குலம் நீண்டதுமே நுனி பழுப்பேறிக் கட்டையாக நின்றுவிடும். மேலே செடி நன்றாகத் தெரியும், காற்றடித்தால் சாய்ந்துவிடும். இப்படிக் கண்டால் களைக்கொத்தால் வரிசையின் இரண்டு பக்கமும் கிளறி, அடியிலிருக்கும் ஈரமண்ணைத் தூரில் அணைத்துவிட வேண்டும். கரிசல் வெடிப்புகளும் அந்தக் கொத்திலேயே மூடிக்கொள்ளும், ஈரம் ஆவியாவது மட்டுப்படும். ஆள்கூலி கூடுதல்தான், ஆனாலும் செய்யத் தகுந்த செலவு. விதைக்கும்போதே 2 அங்குல ஆழத்துக்குக் குறையாமல் போட்டிருந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

காய்ந்த மண்ணில் யூரியா வீச வேண்டாம். மழை பெய்த ஈரத்தில் போட்டால் போதும்.

கிணற்றில் ஒரே ஒரு தண்ணீருக்குத்தான் இருப்பு என்றால், இளம்பயிர் காலையில் விரிகிறவரை நான் அதைத் தொட மாட்டேன். 50 நாளைத் தாண்டி ஆண்பூ வந்து கதிரில் நூல் எட்டிப்பார்க்கும் சமயத்துக்கு வைத்திருப்பேன். அப்போது வறட்சி வந்தால் நூல் வெளிவரப் பிந்தும், அதற்குள் மகரந்தம் கொட்டி முடிந்துவிடும், கதிர் பொக்கையாகிவிடும்.