சாம்பலை ஏன் அரைக்கிறார்கள்?

அனல்மின் நிலையத்தில் நிலக்கரித் தூள் எரியும்போது அதிலுள்ள மண்பொருள்கள் உருகித் துளிகளாகின்றன. புகையோடு பறந்து குளிர்ந்ததும் இவை கண்ணாடி போன்ற நுண் உருண்டைகளாகின்றன. குட்டைகளில் கொட்டினால் காற்றையும் நீரையும் கெடுக்கும் இச்சாம்பலை, எபாக்சி போன்ற பிசினோடு கலந்து கூட்டுப்பொருள் செய்யலாம்.

ஏற்கெனவே பொடிதானே, மேலும் அரைப்பானேன்? நியாயமான கேள்வி! 1 செ.மீ. கனசதுரத்தின் பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 1 மைக்ரான் கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 6 சதுர மீட்டர்! பிசின் பற்றுவது இப்பரப்பைத்தான். பெரிய துகளோ, பளு ஏறும்போது விரிசல் தொடங்கும் இடமாகிவிடலாம்.

எஃகுக் குண்டுகளோடு சாம்பலை உருளையிலிட்டுச் சுழற்றுவார்கள். வேகம் கூடக்கூட நன்றாக அரையும் என்று எண்ணாதீர்கள். 1 மீட்டர் விட்டமுள்ள உருளை நிமிடத்துக்குச் சுமார் 42 முறை சுற்றினால், குண்டுகள் சுவரோடு ஒட்டியபடியே சுழலும், கீழே விழா. (நீருள்ள வாளியைத் தலைக்குமேல் வேகமாகச் சுழற்றினால் நீர் கொட்டுவதில்லை அல்லவா?) வேகத்தைச் சற்றுக் குறைத்தால்தான் அவை மேலேறி விழுந்து சாம்பலை நொறுக்கும்.

அளவுக்கு மீறி அரைத்தாலும் தொல்லைதான். மிக நுண்ணிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். திரண்ட தூள் பிசினில் சீராகப் பரவாது.